பேரரசருக்குப் பயந்து போட்ட மோதிரம்

கல்யாணமான ஆண்களைப் பேரரசர் போருக்கு இழுப்பதில்லை. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் இருபது வயது பசீல், எழுபதைத் தாண்டிய விதவை பெரினுக்கு மோதிரம் போட்டான். பர்கண்டித் திராட்சைத் தோட்டங்களில் அந்த வருஷம் பல் போன மணப்பெண்களுக்கு அப்படியொரு கிராக்கி. அண்ணன்களை ரஷ்யப் பனியில் புதைத்துவிட்டுத் தம்பிகளைக் கேட்டு ஆள் அனுப்பினால் ஊர் வேறென்ன செய்யும்?

பசீல் மனசிலிருந்தவள் பீப்பாய் செய்பவர் மகள் சொலான்ஜ். பேரரசர் விழுந்ததும் விவாகரத்து, மறுவாரம் நம் கல்யாணம் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தான். பெரினும் சம்மதித்திருந்தாள்.

“நீ என்னைப் போட்டு அடிக்கிறேன்னு நீதிபதிகிட்ட அழுது தள்ளிடறேன். அதுவரைக்கும் விறகைப் பொளந்து போடு, மாப்பிள்ளே!”

பேரரசர் விழுந்தார். பழைய வம்சத்து மன்னர் வந்து உட்கார்ந்தார். சொலான்ஜ் ஓடி வந்தாள்.

“இப்பவாவது கோர்ட்டுக்குப் போயேன்!”

“அவசரப்படாதே. பேரரசனைப் பக்கத்துத் தீவுலதானே சிறை வச்சிருக்காங்க? திரும்பி வந்துட்டான்னா?”

பாழாய்ப்போன வாய், அது பலித்தது. அடுத்த வசந்தத்தில் பேரரசர் திரும்பி வந்தார், மறுபடி ஆள் பிடித்தார்கள். பசீல் மோதிரத்தைக் காட்டித் தப்பினான். கோடையில் வாட்டர்லூவில் எல்லாம் முடிந்தது. அப்போதும் அவன் அசையவில்லை. பேரரசரைக் கப்பல் ஏற்றட்டும் என்றான், கடல் தாண்டட்டும் என்றான், திராட்சை அறுவடை முடியட்டும் என்றான்.

“உனக்கு அவன்மேல பயமா, கிழவி வைக்கிற சூப்புமேல ஆசையா?” என்று சொலான்ஜ் எரிந்து விழுந்தாள்.

மறுவருஷம் மே மாதம் ஒருவழியாகப் பெரினைக் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போனான். கிழவி வழியெல்லாம் அழுது பழகினாள்.

கோர்ட்டுக் குமாஸ்தா சிரித்தார். “விவாகரத்தா? இந்த மாசம்தான் மன்னர் அதை ஒழிச்சார், தம்பி. திருச்சபைக்கு ஆகாதாம்.”

“சட்டத்துல இருந்துச்சே!”

“அது பேரரசன் சட்டம். ஆளே போயிட்டான், அது மட்டும் எப்படி நிக்கும்?”

எவன் தொலைய வேண்டும் என்று பசீல் தினமும் சபித்தானோ, அவனோடு இவன் விடுதலையும் தொலைந்திருந்தது.

“மனசை விடாதே, மாப்பிள்ளே. நான் என்ன நூறு வயசா இருக்கப்போறேன்?” என்ற பெரின், சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: “எங்கம்மா இருந்தா.”

ஊர் எல்லையில் சொலான்ஜ் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டுக்கொண்டு காத்திருந்தாள். பெரின் கண்ணைத் துடைத்தாள். இது பழகிய அழுகை இல்லை.

“இறங்குடா. நீயே சொல்லு.”

பசீல் தலையைக் குனிந்துகொண்டு கழுதையை விரட்டினான்.

“அடுத்த வாரம் சொல்லிக்கலாம்.”