போட்டுப் பார்த்த தட்டு

பழைய இசைத்தட்டு வாங்கப் போனால் நான் தட்டைப் பார்ப்பதில்லை, விற்கிறவர் முகத்தைத்தான் பார்ப்பேன். பத்துக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் போதும். எந்த இடத்தில் கீறல் என்பது உடையவருக்கு மனப்பாடம். முள் அங்கே வருவதற்கு முன்பே கண் சுருங்கிவிடும், இல்லையென்றால் தொண்டையைச் செருமிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள். பதினான்கு வருடத் தொழிலில் என்னை எந்த முகமும் ஏமாற்றியதில்லை என்ற திமிரோடுதான் அருப்புக்கோட்டையிலிருந்து லோடு ஆட்டோ பிடித்து எம்.ரெட்டியபட்டிக்குப் போய் இறங்கினேன்.

சங்கையா எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். இருநூறு தட்டு, நான்கு அட்டைப்பெட்டி நிறைய சிடி. இருபத்தைந்து வருடம் நூல்மில்லில் மெஷின்களுக்கு நடுவே நின்றவர், இப்போது அதே மில் கேட்டில் வாட்ச்மேன். சம்பளம் வாங்கியதும் மதுரைக்கு பஸ் ஏறிப் போய் ஒன்றிரண்டாகச் சேர்த்தது இவ்வளவும். ஒவ்வொரு தட்டையும் பழைய வேட்டித் துணியால் துடைத்து என் பக்கம் நகர்த்தினார். ஏன் விற்கிறீர்கள் என்று குனிந்தபடியே கேட்டேன். "எல்லாம் உறையோட இருக்கு" என்றார். விலை படிகிற வரைக்கும் சிலர் இப்படித்தான், கேட்டதற்குப் பதில் வராது.

காரணத்தை அவர் மனைவி அழகுத்தாய் சொன்னார். போன ஆவணியில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, ஒரு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்து கத்தியிருக்கிறார். சங்கையா முன்னறையில் பாட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துதான் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, தட்டு வேண்டுமா தான் வேண்டுமா என்று நேருக்கு நேர் கேட்டதோடு சரி, பிறகு அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குப் போன் போட்டு வரவழைத்ததும் அந்த அம்மாதான்.

"தொண்ட கிழியக் கத்துனேன் தம்பி. அவுகளுக்கு என்னய விட பாட்டுத்தான் பெருசாப் போச்சு."

இதைச் சொன்னபோது சங்கையா கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தார். தலை நிமிரவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காமல் போய்விட்டது. அழகுத்தாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து டீ போடப் போனார்.

பத்தாவது தட்டை எடுத்து அவருடைய பிளேயரிலேயே போட்டேன். முள் தட்டைத் தொடுவதைப் பார்த்துவிட்டுச் சங்கையா கண்ணை மூடிக்கொண்டார். கை முழங்காலில் தாளம் போட்டது. இரண்டாவது நிமிடத்தில் முள் கீறலில் மாட்டியது. பாடகர் பாதிச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சங்கையாவின் முகத்தைப் பார்த்தேன். கண் சுருங்கவில்லை. தாளம் பிசகவில்லை. உதடு அசைந்தது. தட்டு ஒரே இடத்தில் நிற்க, உதடு அடுத்த வரிக்குப் போனது, அதற்கடுத்த வரிக்கும் போனது.

பலே அழுத்தக்காரர் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உறைத்தது. இவர் காதை மில் தின்றுவிட்டிருக்கிறது. லாரி ஹாரன் கேட்காத வாட்ச்மேனை எவன் வேலைக்கு வைத்திருப்பான்? சோற்றுக்காக மில்லில் மறைத்ததைப் பெண்டாட்டியிடமும் மறைத்திருக்கிறார். கல்நெஞ்சக்காரன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு என் மேலேயே அசிங்கமாக இருந்தது.

டீயோடு வந்த அழகுத்தாய் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தட்டைப் பார்த்தார், கணவரின் உதட்டைப் பார்த்தார்.

"ஏங்க" என்றார். பிறகு அவர் முதுகுக்குப் பக்கத்தில் வந்து, சத்தமாகவே கேட்டார். "அன்னைக்கு நான் கத்துனது ஒங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

சங்கையா தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

முள்ளை எடுக்கக் கை நீட்டினேன். அழகுத்தாய் வேண்டாம் என்று தலையாட்டினார். பிடித்திருந்த டம்ளர் சாய்ந்து, டீ புறங்கையில் வழிந்தது. அதை அவர் துடைக்கவில்லை. அந்தப் பாதிச் சொல் அறைக்குள் இடித்துக்கொண்டே இருக்க, அவருடைய பாட்டு முடியட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். சங்கையாவின் உதடு அப்போதுதான் கடைசிச் சரணத்தைத் தொடங்கியிருந்தது.