அகமது மீரானின் எதிரிச் சட்டை

1

ஒரு பத்திரிகையில் அஞ்சலிக் கட்டுரை கேட்டார்கள். அதை எழுத உட்கார்ந்துதான் இது கதையாகிப் போனது. கட்டுரை என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் என் மேலும் ஒருவன் புகார் கொடுப்பான். ஆகவே, ஐயா, எல்லாம் கற்பனை. அகமது மீரான் என்றொரு நடிகர் இல்லை. அவர் சாகவும் இல்லை. எனக்குக் கோபமும் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பழைய போர்ப் படங்களின் மறக்க முடியாத கர்னல் மறைந்தார். திரையில் கொடூரம், நேரில் குழந்தை மனம்…'

சே. செத்துப்போன வில்லன் நடிகர்கள் எல்லோருக்கும் ஒரு குழந்தை மனத்தை மாட்டிவிடுகிறார்கள். மீரான் முன்கோபி. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவார். என்னோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார், காரணம் இன்றுவரை தெரியாது.

2

மேலப்பாளையத்து நெசவுக்காரர் மகன். நடித்த போர்ப் படங்கள் எல்லாவற்றிலும் எதிரி நாட்டுக் கர்னல் அவர்தான். ஒரு படத்திலாவது நம் பட்டாளத்துச் சட்டையைக் கொடுங்கள் என்று ஒவ்வொரு இயக்குநரிடமும் கேட்டார். "உன் பேருக்கு அது எடுபடாதுப்பா" என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். மற்றவர்கள் சிரித்து மழுப்பினார்கள்.

(இங்கே அவர் மனம் உடைந்து அழும் காட்சி ஒன்றை எழுதி அடித்துவிட்டேன். அவர் அழவில்லை. அந்த இயக்குநரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். மறுநாள் போய் அதே எதிரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடித்தார். வீட்டில் உலை வைக்க வேண்டுமே.)

அவருடைய பேர்போன படம் மாஞ்சோலையில் எடுத்தது. மலை மூட்டம்தான் இமயமலை. எஸ்டேட் தொழிலாளிகள்தான் இரண்டு பட்டாளமும். சுதந்திர தினம் வந்தால் இன்றைக்கும் டிவியில் போடுகிறார்கள்.

3

மீரான் போன மாதம் மவுத்தானார். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைக்க ஆசைப்பட்டவன் அவருடைய தங்கை மகன் ரசீத். ஆட்டோ ஓட்டுகிறவன், சவூதியில் தம்மாமுக்கு விசா வந்து கிளம்பக் காத்திருந்தான். அந்த வீட்டில் யாருடைய படத்தையும் மாட்டுகிற பழக்கம் கிடையாது. ஆல்பமும் இல்லை. மாமாவின் முகம் வேண்டுமானால் செல்போனில்தான் தேட வேண்டும். தேடினால் வருவதெல்லாம் கர்னல். தொப்பி, மீசை, தோளில் எதிரி நாட்டு நட்சத்திரம். அவனுக்கு அது மாமா. வேறொன்றும் தோன்றவில்லை. கடைத்தெரு முக்கில் ஆளுயரத்துக்கு வைத்துவிட்டான்.

மத்தியானத்துக்குள் புகார் போய்விட்டது. எதிரி நாட்டு ராணுவ அதிகாரிக்கு அஞ்சலியாம். எந்தக் காவல் நிலையம் என்று எழுத மாட்டேன்*. ஃபிளெக்ஸைக் கிழித்தார்கள். ரசீதை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

* கற்பனை என்றுதான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

4

நிலையத்துக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"சினிமாக்காரர்னு எனக்குத் தெரியுது சார். சின்னப் புள்ளையில விசிலடிச்சுப் பாத்த படம். ஆனா புகார் வந்திருக்குல்லா? ரெண்டு வழி இருக்கு. நம்ம ராணுவச் சட்டைய மாத்திப் போட்டு, தப்பா வச்சிட்டேன்னு எழுதிக் குடுக்கட்டும், விட்டுருதேன். இல்லையா, இவர் நடிகர்தான்னு ஊர்ல ரெண்டு பேரு சாட்சி எழுதிக் குடுங்க. அவுக ஆளுகளா இருக்கக் கூடாது. திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன், பொறவு வழக்குதான்."

வழக்கு விழுந்தால் தம்மாம் போச்சு.

ஃபிளெக்ஸ் கடைக்காரர் உடனே ஒப்புக்கொண்டார். "சட்டைய மாத்துறது ரெண்டு நிமிச வேலை அண்ணாச்சி."

ரசீதின் தாயார் சித்தி ஜனாபாவிடம் (சித்தி என்பது உறவல்ல, பெயரே அதுதான்) போய்ச் சொன்னேன். பீடி சுற்றிக்கொண்டிருந்த தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அண்ணனை அவர் காக்கா என்றுதான் சொல்வார்.

"உசிரோட இருக்கையில எங்க காக்கா கேட்டாவ. எத்தனை பேருகிட்ட கேட்டாவ! ஒருத்தன் குடுத்தானா? இப்ப செத்து மையத்தான பொறவு மாட்டிவிடுதாகளோ? வேண்டாம் அண்ணாச்சி. எம்மவன் தப்பு செய்யல, தப்புன்னு எழுத மாட்டான்."

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். மகன் உள்ளே இருக்கும்போது ஒரு தாய் இப்படிப் பேசுவாளா? மாற்றி எழுதிப் பார்த்தேன்: 'சரி, மாத்துங்க என்று ஜனாபா அழுதபடி…' அழவைக்க வரவில்லை. கையெழுத்து வாங்கத் தெருவில் இறங்கினேன்.

5

முதல் சாட்சி நான். இரண்டாவது ஆளுக்கு அலைந்தேன். அந்தப் படத்தை நூறு நாள் ஓட்டிய தியேட்டர்காரர் அம்பலவாணன், "பாத்திருக்கேன், யாரு இல்லைன்னா? எழுதிக் குடுக்கதுதான் யோசனையா இருக்கு" என்றார். மீரானைப் பேட்டி கண்டு புத்தகம் போட்ட பேராசிரியர் சிவசங்கரன் வெளியூரில் இருப்பதாக அவரே போனை எடுத்துச் சொன்னார்.

வந்தவர் ஒருவர்தான். சங்கிலிபூதத்தான். மாஞ்சோலையில் தேயிலைக் கொழுந்து சுமந்தவர், அந்தப் படத்தில் பட்டாளக்காரராக வந்தவர். எஸ்டேட்டை மூடியதும் கீழே இறங்கி, மகள் வீட்டில் ஒண்டியிருக்கிறார்.

"காலையில நம்ம பட்டாளம் சார், மத்தியானம் அவனுவ பட்டாளம். தொப்பிய மட்டும் மாத்துவாவ. ஒரே நாள்ல என்னைய நானே சுட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"மாஞ்சோலை முகவரியில்லா போட்டிருக்கு? அங்கன இப்ப யாரு இருக்கா? இது செல்லாது வே."

"அங்கன இருந்து எறக்கிவிட்டது நாங்களா சார்?" என்றார் சங்கிலிபூதத்தான். சப்-இன்ஸ்பெக்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

6

முடிவுகள்.

(அ) சப்-இன்ஸ்பெக்டர் மனம் மாறி, கண் கலங்கி… மாட்டேன். போலீஸ்காரருக்கு இலவசமாகக் கண்ணீர் எழுதித் தர என்னால் முடியாது.

(ஆ) ஜனாபா இறங்கிவருகிறார். மீரான் நம் பட்டாளத்துச் சட்டையில் கடைத்தெருவில் நிற்கிறார். புகார் கொடுத்தவர்கள் மாலை போட்டு, படமெடுத்துப் பகிர்கிறார்கள். இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. அதனாலேயே எழுத மாட்டேன்.

(இ) பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "கோபத்தைக் கொஞ்சம் குறைத்து, ரசீத் வெளியே வருகிற மாதிரி நம்பிக்கையோடு…" வைத்துவிட்டேன்.

எனக்கு எந்த முடிவும் வேண்டாம். இன்றைக்கு ஞாயிறு. நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்தவர்தானே? உச்சிப்பாறையில் கர்னலைச் சுட்டு வீழ்த்தும்போது கை தட்டியிருக்கிறீர்கள். ஒரு மனிதர் நிஜமாகச் செத்தார் என்று நினைத்தா தட்டினீர்கள்? நடிப்பு என்று தெரிந்துதானே? அவ்வளவைத்தான் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். உங்களிடம் செல்லுபடியாகிற முகவரி இருக்கிறது. பெயரும் அவர்களுக்குத் தோதான பெயராகவே இருக்கலாம்.

நான் நிலையத்து வாசலில்தான் இருக்கிறேன். பேனா என்னிடம் இருக்கிறது. நீங்கள் வந்தால் போதும்.