கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மேசைமேல் மாவு சிதறிக் கிடந்தது. அதைக் கவனிக்காமல் கண்ணாடிக்கடைக்காரர் தன் மாதிரித் துண்டுகளை அதன்மேலேயே அடுக்கிவிட்டார். அண்ணி துணியோடு ஓடி வந்தாள்.

"பாத்து வைங்க. மாவு ஒட்டியிருந்தா இவர் அதையும் சேத்து அடுப்புல தள்ளிடுவார்."

ரொட்டிக்காரர் என்றால்தான் எங்கள் அண்ணனை ஊரில் தெரியும். பாதி ஆயுள் வாடகை இடத்தில் மாவு பிசைந்தவர், அப்போதுதான் சொந்தமாக ஒரு கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார். கீழே ரொட்டி சுடும் கூடம். மாடியை, குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லித்தரும் ஒரு டீச்சருக்கு வாடகைக்கு விடுவதாகப் பேசி முடித்திருந்தார். மாடியிலிருந்து இறங்க ஒரே படிக்கட்டு. இறங்கினால் கூடத்தை ஒட்டி நீளமான நடைவழி, அதன் கோடியில் தெருவாசல்.

கூடத்துக்கும் நடைவழிக்கும் நடுவே சுவரே இருக்கக்கூடாது, முழுக்கக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. போகிற வருகிறவர்கள் ரொட்டி உப்பி வருவதைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டுமாம்.

கடைக்காரர் ஒவ்வொரு துண்டாகத் தட்டிக் காட்டினார். "இது சாதாரணக் கண்ணாடி, விடுங்க. இது அடிச்சா உடையாது. ஆனா தீயில உதிர்ந்துடும். பாதிப் பேரு இதைத்தான் தீக்குத் தாங்கும்னு நெனச்சு மாட்டிட்டுப் போறாங்க. இந்த மூணாவது இருக்கே, இது தீக்கு நிக்கும். ஒரு மணி நேரத்துக்குத் தீயும் புகையும் இந்தப் பக்கம் வராது."

"இதென்ன, கல்லாட்டம் கனக்குது?" அண்ணி நாலாவதைத் தூக்க முடியாமல் வைத்தாள்.

"அதுவும் ஒரு மணி நேரம் நிக்கும்மா. ஆனா அது சூட்டையும் சேத்துத் தடுக்கும். நடுவுல கூழ் மாதிரி அடுக்கு இருக்கு. தீ பட்டா நுரைச்சு வெள்ளையாயிடும். அதுக்குன்னு சோதிச்ச இரும்புச் சட்டத்துலதான் மாட்டணும். விலை..." அவர் வாயால் சொல்லாமல் கூரையைக் கைகாட்டினார்.

"ரெண்டும் ஒரு மணி நேரம் நிக்குதுல்ல? அப்ப மூணாவதே போதும்" என்றார் அண்ணன்.

"ஜனங்க தப்பிச்சு வெளியேறுற வழியை ஒட்டி வந்தா நாலாவதுதான் போடணும். விதி அப்படி" என்று கடைக்காரர் இழுத்தார்.

வரைபடம் போட்ட இன்ஜினியர் சிரித்தார். நல்ல மனிதர்தான். எல்லாரையும் சிரிக்க வைத்தே காரியம் முடிப்பவர். "சார், இது ஒரு விஷயமா? வரைபடத்துல 'வெளியேறும் வழி'ன்னு எழுதியிருக்கறதாலதான் இந்தத் தொல்லை. 'சரக்கு போகும் வழி'ன்னு பேரை மாத்திடுவோம். வெளியேற பின்பக்க ஜன்னலோரமா ஒரு இரும்புப் படி வரைஞ்சுடலாம்."

"வரையறதா, வைக்கறதா?" என்று கேட்டாள் அண்ணி.

"வரையறதுதான் அக்கா. அனுமதிக்கு அது போதும்."

"அப்ப தீப்பிடிச்சா புள்ளைங்களையும் வரைபடத்துல இறங்கச் சொல்லணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அவர் நேற்றைய ரொட்டியை இன்றைக்கு விற்றதில்லை. ஆனால் அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில் ஒன்று நடந்திருந்தது. விதி என்பது அந்த மேசைகளைத் தாண்டுவதற்கான சீட்டு என்றே அவருக்கு ஆகிவிட்டது. நம்மில் எத்தனையோ நல்லவர்கள் இப்படித்தான் ஆகிறோம்.

"சரி, பேரை மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் இருக்கிற இடத்தில் தீ என்ற சொல்லையே எடுக்காத குடும்பம் எங்களுடையது. அன்றைக்கு எடுக்க வேண்டியதாகிவிட்டதே என்று அவருக்குச் சங்கடம். குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீ கவலைப்படாதம்மா. இது தீயிலயும் உடையாத கண்ணாடி. மாப்பிள்ளைக்கு நடந்த மாதிரி இங்க யாருக்கும் நடக்காது."

"அன்னைக்கும் உடையலை அண்ணா" என்றேன்.

அண்ணியின் கைத்துணி நின்றது. அண்ணன் என்னையே பார்த்தார். என் கணவர் போனபோது வந்தவர்கள் எல்லாரும் "புகை" என்று சொல்லிக்கொண்டார்கள். கண்ணாடி வெடித்துப் புகை வந்தது என்று எப்படியோ ஒரு கதை நிலைத்துவிட்டது. என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் அழுவேனே என்ற பரிவு. நானும் சொன்னதில்லை.

அவரும் நானும் மேசை நாற்காலி செய்யும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் மாடியில் கணக்கு, நான் கீழே வாசலில் வருகிறவர்களை விசாரிக்கும் வேலை. நடுவில் நடைவழி. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரத்துக்குப் பாலிஷ் போடும் அறை. தீ அந்த அறையில் பிடித்தது.

"கண்ணாடி அப்படியே நின்னுது அண்ணா. ஒரு கீறல் இல்லை. நடைவழியில தீ இல்லை, புகையும் இல்லை, விளக்குகூட எரிஞ்சுக்கிட்டு இருந்தது. அவரும் இன்னும் ரெண்டு பேரும் படியிறங்கி வந்துட்டாங்க. நான் வாசல்ல நின்னு, ஓடி வாங்கன்னு கத்தினேன். வழி காலியாத்தானே இருக்கு, ஏன் நிக்கறாங்கன்னு எனக்குப் புரியலை."

"ஏன் நின்னாங்க?" கடைக்காரர் தன்னை அறியாமல் கேட்டுவிட்டார்.

"நான் நாலு எட்டு உள்ள வெச்சேன். கண்ணாடி வழியா வந்த சூட்டுல முகம் தாங்கலை. கண்ணாடியோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி தானா மடங்கிக் கீழ உக்காந்துது. எதிர்ச் சுவத்துல ஒட்டியிருந்த காகிதம், தீயே தொடாம பத்திக்கிச்சு. அவர் கையில இருந்த ஃபைலை முகத்துக்கு மறைப்பா வெச்சுக்கிட்டு வந்து பாத்தார். பாதி வழிகூட வர முடியலை. திரும்பி மேல போயிட்டாங்க. பாலிஷ் அறைக் கூரை வழியா மாடிக்குள்ள புகை ஏறினது அதுக்கு அப்புறம்தான்."

இன்ஜினியர் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

அண்ணன் எழுந்து, புதுக் கூடத்துக்காகப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்த அடுப்பின் முன்னால் போய் நின்றார். அதன் கதவில் உள்ளே பார்ப்பதற்காக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அடுப்பு இன்னும் மூட்டப்படாதது. ஆனாலும் அவர் கை அந்தக் கண்ணாடியைத் தொடப் போய், பழக்கத்தால் சட்டென்று பின்வாங்கியது.

"முப்பது வருஷம்" என்றார் யாரையும் பார்க்காமல். "கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னே என் முகம் வெந்திருக்கு. வேற யாருக்குத் தெரியாட்டாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

அண்ணி மெல்ல, "நாலாவதையே போட்டுடுங்களேன்" என்றாள்.

"முழுச் சுவருக்கும் போட நமக்குக் கட்டாது." ஆசைப்பட்ட அந்த நீளத்தை ஒரு தரம் கண்ணால் அளந்தார். "செங்கல் வெச்சுக் கட்டிடுவோம். நடுவுல ஒரு ஜன்னல் அளவுக்கு இந்த நாலாவது. சட்டமும் அதுக்குன்னு சோதிச்சதாவே வரட்டும். கடைக்காரரே, எது எந்தச் சட்டத்தோட சோதிச்சதுன்னு அத்தாட்சியைக் கொண்டுவாங்க. படிச்சுப் பாத்துட்டுத்தான் பணம்."

"அப்போ ரொட்டி வேடிக்கை?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"நல்லா இருந்தா வாசனைக்கே வருவாங்க. வராட்டி என் கைப்பக்குவம் சரியில்லைன்னு அர்த்தம்."

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் கேட்காததைக் கேட்டார்.

"மாப்பிள்ளை உன்கிட்ட ஏதாவது சொன்னாராம்மா?"

"'நீ வெளிய போ, நாங்க வேற வழி பாத்துக்கறோம்'னார். வேற வழியே இல்லை அண்ணா."

அண்ணன் தலையை ஆட்டினார். எனக்குக் கண் நிறைந்தது, ஆனால் அழுகை வரவில்லை. கேட்டுவிட்டாரே என்று ஓர் ஆறுதல்தான் இருந்தது.

இன்ஜினியர் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார். அண்ணன் அதன் முனையைப் பிடித்து மறுபடி விரித்தார்.

"தம்பி, இது வெளியேறும் வழி. இருக்கறதே இது ஒண்ணுதான், இதோட பேரை மாத்தாதீங்க. உடையுமா உடையாதான்னு மட்டும் கேட்டது என் தப்பு. அதைத் தாண்டி ஒரு புள்ளை உயிரோட நடந்து போகுமான்னு கேட்டிருக்கணும். விதி அதைத்தான் கேக்குது. அதிகாரி பாக்கறதுக்காகச் சுவத்துல கண்ணாடி மாட்டினா அனுமதி கிடைக்கும், உயிர் கிடைக்காது."