பைய வாங்க

யோகப்பிரியா செத்துப்போனாள் என்ற செய்தி என் அக்காவின் போனுக்குத்தான் வந்தது. அவளைப் பெற்ற அப்பாவின் போனுக்கு வர வழியில்லை. மகள் நம்பரையும் மருமகன் நம்பரையும் மூன்று வருடத்துக்கு முன்பே அவர் பிளாக் செய்து வைத்துவிட்டார்.

எலிக்காய்ச்சல். "சும்மா காச்சல்தாம்மா, பயப்படாத" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தேவிகுளத்தில் மூன்று மணிக்கு அடக்கம் என்று மருமகன் ஜிஜோ சொன்னான். 

நான் முத்தாத்தாள், யோகாவுக்குச் சித்தி. கொழிஞ்சாம்பாறையில் அக்கா செல்லாத்தாள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. அதனால் அந்த வீட்டில் நடந்த கூத்தெல்லாம் எனக்குத் தெரியும். யோகாவுக்கு தேவிகுளம் தாலுக்கா ஆபீசில் வேலை கிடைத்தபோது ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தவர் அவள் அப்பா, எங்கள் சென்னிமலை மாமாதான். அங்கே எஸ்டேட்டில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பையனை, அதுவும் டாக்ஸி ஓட்டுகிறவனை, அவள் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டதும், "இனி எனக்குப் புள்ளயே இல்ல" என்று சொன்னவரும் அவர்தான். சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மூன்று வருடமும் வீம்பாக அப்படியே நடந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை.

செய்தி கேட்டதும் மாமா அழவில்லை. நேரே போய் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.

அக்கா பீரோவைத் திறந்தாள். மகள் ஊரைவிட்டுப் போனபின் வந்த ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்கென்று ஒரு சேலை வாங்கி, அனுப்பத் துணிச்சலில்லாமல் அடுக்கி வைத்திருந்தாள். மேலே இருந்ததை உருவி என் கையில் கொடுத்தாள். கல்யாணமான பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை போக வேண்டும். கோடி என்போம். அதைப் போர்த்தாமல் அவளை எடுத்தால், நாதியற்றவள் என்று ஆகிவிடும். எங்கள் யோகாவுக்கு நாதி இருந்தது. அதைக் காட்ட அன்றைக்கு மூன்று மணிவரைதான் நேரம் இருந்தது.

மாமாவின் வண்டி கரண்டு வண்டி. கூரையில் சோலார் போட்ட பிறகு, சும்மா வருகிற கரண்டை விடுவானேன் என்று வாங்கினார். வண்டி புதுசு, கால் பழசு. ஆயுசு பூராவும் தோட்டத்து ஜீப்பை மிதித்த கால் அது. எடுத்த எடுப்பில் வண்டி பறக்க வேண்டும், நிறுத்தினால் பின்னால் இருக்கிறவர்கள் முன்சீட்டில் முட்ட வேண்டும். பொள்ளாச்சி சந்தைக்குப் போய்வர அது போதும். வழியில் நின்றுபோனதில்லை என்பதால் அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியின் திரையில் ஓர் எண் தெரியும். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்கு. அது பேட்டரியை மட்டும் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவரின் காலையும் பார்க்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கிளம்பும்போது இருநூற்றுப் பத்து காட்டியது. தேவிகுளம் நூற்றைம்பது கிலோமீட்டர்.

"முந்தாநேத்து போட்ட சார்ஜுதானுங்க? மலையேறோணுமே" என்றாள் அக்கா.

"அதெல்லாம் போயிரும்" என்றார் மாமா.

பொள்ளாச்சி தாண்டியதும் ரோடு அகலமானது. அவ்வளவுதான், மாமா மிதி மிதியென்று மிதித்தார். லாரிக்குப் பின்னால் போய் ஒட்டுவார், சட்டென்று பிரேக் அடிப்பார், வெட்டி முந்துவார், மறுபடி அடுத்த லாரி. ஏசி வேறு முழுசாக ஓடியது. பின்சீட்டில் சேலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிலோமீட்டர் போனால் இரண்டு குறைந்தது. உடுமலைப்பேட்டையில் நூற்றைந்துக்கு வந்துவிட்டது. போக வேண்டிய தூரம் தொண்ணூற்றுச் சொச்சம், முக்கால்வாசியும் ஏற்றம்.

"மாமா, இங்க சார்ஜ் போடுற எடம் இருக்குதுங்க. நிறுத்துங்க" என்றேன்.

"ஒரு மணி நேரம் இங்க குக்கி உக்காந்துட்டுப் போனா மண்ணத்தான் பாக்கோணும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் பாவம். அவசரப்பட்டால் கரண்டு தீரும், நின்றால் நேரம் தீரும். காலையிலிருந்தே மெதுவாக வந்திருந்தால் இரண்டும் கையில் இருந்திருக்கும்.

சின்னாறு செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினார்கள். எண் ஐம்பத்தெட்டு. தேவிகுளத்துக்கு இன்னும் அறுபத்தாறு. திரையில் ஏதோ மஞ்சளாக எழுதி வந்தது. மாமா அதையே வெறித்துப் பார்த்தார். 

அக்கா யாரிடமும் கேட்கவில்லை. ஜிஜோவுக்குப் போன் போட்டு, ஒப்பாரி மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள். "தம்பி, வண்டி வந்து சேராது போல இருக்குதுங்க. அவரு மிதிச்சு மிதிச்சுத் தீத்துப்போட்டாரு. கோடியக் கையில வெச்சுக்கிட்டு நடுக்காட்டுல நிக்கறோம்."

 போனில் அவனுக்குப் பின்னால் யாரோ ஜெபம் சொல்வது கேட்டது. பிறகு, "ஸ்பீக்கர்ல போடுங்கத்த" என்றான். "மாமா, நான் ஜிஜோ பேசுறேன்."

மருமகன் மாமனாரிடம் பேசிய முதல் பேச்சு அது. நடுவீட்டில் பெண்டாட்டியைக் கிடத்தியிருந்தவன், வண்டி ஓட்டும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தான்.

"எத்தன காட்டுது மாமா?"

மாமா வாய் திறக்கவில்லை. "அம்பத்தெட்டு" என்று நான் சொன்னேன்.

"சரி. அந்த நம்பரப் பாத்துப் பதறாதீங்க. ஏசிய ஆஃப் பண்ணுங்க. முப்பதுக்கு மேல வேண்டாம். கால மெத்துன்னு வைங்க, ஒரே மாதிரி வைங்க. எவனையும் முந்தாதீங்க. முந்துறதுக்கு ஒரு மிதி மிதிச்சா அரைக் கிலோமீட்டர் போயிரும். மூணாறுக்கு முன்ன இறக்கம் வரும். அங்க பிரேக்ல கால் வைக்காம, மிதிச்ச கால மட்டும் முன்னாடியே எடுத்துருங்க. வண்டி தானா மட்டுப்படும், கரண்டும் திரும்பி ஏறும். நீங்க பைய வாங்க மாமா. பைய வந்தாத்தான் வந்து சேர முடியும்."

'பைய' என்றதும் அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். எங்கள் பக்கம் 'மெதுவா' என்போம். யோகா அங்கே போன பிறகு போனில் 'பைய பேசும்மா, பைய போம்மா' என்பாள். "உன்ற பாஷையே மாறிப்போச்சு கண்ணு" என்று அக்கா கேலி செய்வாள்.

"நானும் உங்கள மாதிரிதான் மிதிப்பேன் மாமா" என்றான் ஜிஜோ. "எலக்ட்ரிக் டாக்ஸி எடுக்கச் சொன்னதே யோகாதான். பக்கத்துல உக்காந்துக்கிட்டு, நான் மிதிச்சா தொடையில கிள்ளுவா. அப்படிக் கிள்ளிக் கிள்ளித்தான் என் கால் படிஞ்சது."

 மாமா ஏசியை அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். வண்டி கிளம்பியது எனக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு மெதுவாகக் கிளம்பியது.

மறையூர் வரைக்கும் அப்படியே போனோம். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. சுற்றுலா வந்த பையன்கள் சிலர் தலையை வெளியே நீட்டி, "தாத்தா, எறங்கித் தள்ளலாமா?" என்று கத்திவிட்டுப் போனார்கள். வேறு நாளாக இருந்தால் மாமா துரத்திப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பார். அன்றைக்கு ஓரம் கட்டி வழிவிட்டார். ஒரு கிலோமீட்டர் போனால் இப்போது ஒன்றுதான் குறைந்தது, சில இடத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை. கால் மரத்துப்போனதோ என்னவோ, அவ்வப்போது தொடையைக் கையால் நீவிக்கொண்டார். மகளைப் பார்க்கப் போகிற அவசரத்தையெல்லாம் அந்தப் பாதத்துக்குள் பிடித்து வைத்துக்கொண்டு ஓட்டினார்.  மூன்று வருடத்தில் ஒரே ஒரு நாள் இந்த நிதானம் வந்திருக்கக் கூடாதா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

தேயிலைக் காடு தொடங்கியதும் மழை பிடித்தது. மூணாறுக்கு முந்தின இறக்கத்தில் எண் எட்டில் இருந்தது. மாமா காலை எடுத்தார். வண்டி முனகிக்கொண்டே தானாக மட்டுப்பட்டு இறங்கியது. எட்டு ஒன்பதாயிற்று. பத்தாயிற்று.

"ஏறுது பாருங்க" என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் முகத்தில் உயிர் வந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

மூணாறு டவுனுக்குள் நுழைந்தபோது பதினொன்று காட்டியது. தேவிகுளத்துக்கு எட்டுக் கிலோமீட்டர்தான். "இதை இங்க உட்டுட்டு ஒரு ஜீப் புடிச்சுரலாமுங்க மாமா" என்றேன்.

"பதினொண்ணு இருக்குதல்ல" என்றார்.

இறக்கத்தில் வந்த கணக்கு ஏற்றத்துக்கு ஆகாது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. டவுன் நெரிசலில் அரை மணி நேரம் சிக்கினோம். அதைத் தாண்டி தேவிகுளம் ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும் எண் மளமளவென்று சரிந்தது. நான்கு, மூன்று. பிறகு எண்ணே இல்லை, இரண்டு கோடு மட்டும். கரண்டு தீரப்போகிறது என்று திரையில் ஓர் ஆமைப் படம் வந்தது. ஒரு வளைவு ஏறி, அடுத்த வளைவின் ஓரத்தில் வண்டி நின்றுவிட்டது.

மாமா மிதித்தார். மறுபடி மிதித்தார். வண்டி அசையவில்லை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, "வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்" என்று முனகினார். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவோம். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

இந்த முறை போன் போட்டது மாமா. அக்காவின் போனை வாங்கி அவரே அழுத்தினார். "ஜிஜோ" என்றார். பெயரை முதல்முறையாகச் சொன்னார். "முடியலப்பா. நின்னுபோச்சு."

"எந்த எடம் மாமா?"

எதிரே இருந்த எஸ்டேட் போர்டை நான் படித்துச் சொன்னேன்.

"அப்பம் அங்கனயே நில்லுங்க" என்றான். "மாதா கோயில்ல பூசை முடிஞ்சிருச்சு. எங்க கல்லறைத் தோட்டம் நீங்க நிக்கிற எடத்துக்குக் கீழதான். எப்படியும் அந்த வழியாத்தான் வரணும். நீங்க வர வேண்டாம் மாமா. நாங்க அவளக் கூட்டிட்டு வாறோம்."

மழை விட்டிருந்தது. நாங்கள் ரோட்டோரம் நின்றோம். அக்கா சேலையைப் பிரித்து, மடித்து, மறுபடி பிரித்தாள். மாமா செருப்பைக் கழற்றி வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்தக் குளிரில் வெறுங்காலோடு நின்றார்.

மேலே வளைவில் முதலில் சிலுவை தெரிந்தது. அப்புறம் ஒரு ஜீப், அதன் பின்னால் ஜனம். எல்லாம் எஸ்டேட் ஜனம், பிளாஸ்டிக் கோட்டு போட்ட பெண்கள் பாதிப் பேர். ஜீப் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி, ஜிஜோவின் அம்மா சிசிலி, இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெறந்த வீட்டுக் கோடி விழாம மூடி போடக் கூடாதுன்னு பங்குச் சாமியார்கிட்டச் சொல்லிப்புட்டேன்" என்றாள். "வாங்க. வந்து போடுங்க."

நான்கு பேர் பெட்டியை இறக்கி, ரோட்டோரத்துப் புல்லில் வைத்தார்கள். யோகா மெலிந்துபோயிருந்தாள். தலையில் பூ வைத்து, கையில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். அக்கா சேலையை அவள் மேல் போர்த்திவிட்டு, அப்படியே அவள் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள். யாரும் அவளைத் தூக்கவில்லை.

மாமா முகத்துப் பக்கம் போகவே இல்லை. கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார். ஜிஜோ போய் அவர் பக்கத்தில் குத்தவைத்தான். ஒல்லியான பையன், கண் வீங்கிக் கிடந்தது. யோகாவின் பாதத்தில் வெள்ளைக் காலுறை மாட்டியிருந்தது. மாமா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எதுக்குப்பா இது?"

"எங்க வழக்கம் மாமா" என்றான் ஜிஜோ. கொஞ்சம் பொறுத்து, "அவளுக்கு இந்தக் குளிர் கடைசிவரைக்கும் ஒத்துக்கல. பாதம் எப்பவும் சில்லுன்னுதான் கெடக்கும். ரெண்டு ஜோடி உறையப் போட்டுக்கிட்டுத்தான் படுப்பா" என்றான்.

மாமா அவனைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே கண்ணு" என்றார்.

  அவர் அந்த இரண்டு பாதத்தையும் தன் இரண்டு கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார். சாமியார் வந்து தோளைத் தொடும்வரை விடவில்லை.