காளவாயில் இறக்காத விளக்கு

அது ஐம்பத்தேழாம் வருஷமா ஐம்பத்தெட்டா என்பது எனக்கு நிச்சயமில்லை. திண்டிவனத்தில் சுண்ணாம்புக் காளவாய் முதலாளி விருத்தாசலத்தின் வீட்டுக் கூடத்துச் சுவர் இருமியது மட்டும் நிச்சயம். வறட்டு இருமல், காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை நிற்காது.

அது இருதயராஜின் இருமல் என்று அவன் மனைவி சவுரியம்மாள் வாசலில் நின்று கேட்டவுடனே சொல்லிவிட்டாள். மரக்காணத்துக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கியவன் இருதயராஜ். கிளிஞ்சல் சூட்டில் உடையும்போது தன் மூச்சை விட்டுவிடும். அந்தக் காற்று குழியில் தண்ணீர்போலத் தேங்கி நிற்கும். அதனால் நெருப்பு அடங்கியதும் கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்கமாட்டார்கள். ஆனால் விருத்தாசலத்துக்கு மகள் கல்யாணம், வீட்டுக்கு வெள்ளையடிக்க அவசரம். இருதயராஜ் விளக்கில்லாமல் இறங்கினான், ஏறவில்லை. அவனைத் தூக்கிப் போட்ட கையோடு சுண்ணாம்பையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மதுவிலக்கு இருந்த காலம். குடித்துவிட்டு விழுந்தான் என்று விருத்தாசலம் சொன்னார். விசாரிக்க வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். செத்தவன் குற்றவாளியும் ஆனான். ஒரு சொட்டுக் கள் தொடாதவன் என்று ஊருக்கே தெரியும். ஊர் வாயை மூடிக்கொண்டு கல்யாணச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தது.

சுவரில் பூசிய சுண்ணாம்பு, சூட்டில் விட்ட மூச்சைக் காற்றிலிருந்து மெல்லத் திரும்ப வாங்கித்தான் இறுகும். இந்தச் சுண்ணாம்பு இருதயராஜ் கடைசியாக விட்டதையும் சேர்த்து வாங்கியிருந்தது.

சவுரியம்மாள் தினமும் தெருவில் வந்து நின்றாள். "எம்புருசன் குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் போய்க்கினே இருக்கேன்."

"பேஜாரு புடிச்சவளே, போடி," என்பார் விருத்தாசலம். உள்ளே சுவர் இருமும்.

விழுப்புரத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மாள் கெங்கம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு, "ஏங்க, ஒங்க சொவுத்துக்கு ஒரு கசாயம் வெச்சிக் குடுக்கறதுதானே?" என்றாள். கூடமே சிரித்தது. விருத்தாசலத்துக்கு அவமானம் தாங்கவில்லை. தட்டார் பட்டறையிலிருந்து திராவகம் வாங்கிவரச் சொல்லி, தன் கையாலேயே சுவரில் வீசினார். சூட்டில் உடைகிற பொருள் திராவகத்திலும் உடையும். சுவர் சீறிப் பொங்கியது. நுரை வெடிக்க வெடிக்க, அதற்குள்ளிருந்து இருதயராஜ் மரியாதையாகவே கேட்டான்: "மொதலாளி, வெளக்கு எறக்கிப் பாத்துக்கினு எறங்கறனுங்களே?"

பழக்கம்தான். விருத்தாசலம் யோசிக்காமல் கத்தினார்: "வெளக்கும் வாணாம் கிளக்கும் வாணாம், ஜல்தி எறங்குடா!"

கூடம் முழுக்கக் கேட்டது. வாசலிலிருந்து சவுரியம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "குடிச்சவன் வெளக்கு கேப்பானாய்யா?" என்றாள்.

கல்யாணம் நடந்தது. விசாரணையில் எழுதியதை யாரும் திருத்தவில்லை. விருத்தாசலம் காளவாயை விற்றுவிட்டு, அறுபத்து மூன்றாம் வருஷம் படுக்கையிலேயே செத்தார். மகள் விழுப்புரத்தில் இருக்கிறாள். சவுரியம்மாள் அதன்பிறகு அந்தத் தெருவுக்கு வரவில்லை. வளவனூரில் தங்கையோடு கரும்பு வெட்டப் போனாள். காளவாய் ஆட்கள் விளக்கில்லாமல் இறங்குவதில்லை. திராவகம் படாத பாதிச் சுவர் இன்னமும் இருமுகிறது. அங்கே குடியிருப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் எழுந்து உலை வைக்கிறார்கள்.