லின் ஷியாவின் பீம்

பனியன் வெட்டிப் பழகின கை லேசில் மாறாது. அங்கமுத்து மாஸ்டர் முப்பது வருசமாக வெட்டுகிறார். துணியைத் தொட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் இழுத்தால் விரிகிறதோ அந்தப் பக்கத்தை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டுவிடுவார். பனியனுக்கு அதுதான் சரி. ஒரு சைனா பிராண்டு கேட்ட ஜிம்னாஸ்டிக்ஸ் உடைக்கும் அதே கையோடு வெட்டிவிட்டார். தோளிலிருந்து தொடை வரைக்கும் உடம்போடு ஒட்டிக்கிடக்கிற உடை அது, குனிந்தால் நீளவாக்கில் விரிந்து கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. பொம்மைக்கு மாட்டிப் பார்த்தபோது என்னவோ அம்சமாகத்தான் இருந்தது. பொம்மை குனியுமா என்ன?

சாம்பிள் சைனாவுக்குப் போய் இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது சாம்பிளை ஆளுக்கு மாட்டி, வீடியோ காலில் குனிந்து வளைந்து காட்டச் சொன்னார்கள். பிராண்டின் சொந்தக்காரியே பார்ப்பாளாம். பெயர் லின் ஷியா.

தைத்த பீஸில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் ஒரே கூத்தாகிவிட்டது.

"ஏனுங்க அனுசுயா மேடம், உங்க சைனாக்கார சிநேகிதி வர்றாங்களாம். நம்மளையெல்லாம் கண்டுக்குவீங்களா?" என்றாள் எதிரே நின்ற தமிழ்மதி.

"குடுடி, அந்தப் பீஸை," என்று மட்டும் சொன்னாள் அனுசுயா. அக்குளில் தையல் விட்டிருந்த டீ சர்ட்டில் அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிப் போட்டாள். சந்தோசமும் இல்லை, படபடப்பும் இல்லை. அவள் அப்படித்தான். அப்பா குருசாமி இறந்த அன்றைக்குக்கூட வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தவள். "இவ கண்ணுல பொட்டுத் தண்ணி வரலையே, கல்லாப் போயிட்டாளே" என்று அம்மா பாண்டியம்மாள் புருசனுக்கு அழுததைவிட மகளுக்காக அழுததுதான் அதிகம்.

பதினாலு வயதில் அனுசுயா இப்படி இல்லை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஓவர்லாக் டெய்லரின் மகள், தாய்லாந்தில் நடந்த ஜூனியர் போட்டியில் இந்தியச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். அவள் ஆட்டம் பீம். நெஞ்சு உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரம், அதன்மேல் ஓடவும் புரளவும் குதிக்கவும் வேண்டும். அனுசுயா இரண்டு தடவை விழுந்து கடைசியாக வந்தாள். ஜெயித்தது லின் ஷியா, அவளும் பதினாலு வயதுக்காரி. ஆட்டம் முடிந்து வார்ம்-அப் ஹாலில் அனுசுயா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாஷை தெரியாது. தன் ஆட்டத்தின் கடைசிக் கையசைவை, ஒரு கை முகத்தைத் தடவி மேலே போகிற மாதிரி, சொல்லிக்கொடுத்தாள். காலர் வெட்டில் மிஞ்சின ரிப் துணியில் அம்மா தைத்துக் கொடுத்த மணிக்கட்டுப் பட்டையை அனுசுயா கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள். அவ்வளவுதான் சிநேகிதம்.

அடுத்த வருசமே ஹாஸ்டல் பயிற்சியில் அனுசுயாவின் கணுக்கால் ஒடிந்தது. தகடு வைத்தார்கள். ஆட்டம் போனது, ஹாஸ்டல் போனது, செக்கிங் டேபிள் வந்தது. கால் மரத்த மாதிரியே மனசும் மரத்துப்போனது, எது நடந்தாலும் யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்தது. லின் ஷியா ஒருத்திதான் மிச்சம். கம்பெனி வேனிலும் சாப்பாட்டு நேரத்திலும் செல்போனில் அவளையே பார்த்தாள், அந்தத் தாய்லாந்து ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பெரியவர்கள் போட்டியில் அவள் தங்கம் வாங்கினாள். மறு வருசம் பீமிலிருந்து தலைகுப்புற விழுந்தாள். தோளில் கட்டோடு வந்து ஆடினாள். குதிகால் நரம்பு அறுந்து, ஒலிம்பிக் அணியில் பெயர் இல்லாமல் போனாள். எல்லோரும் அவள் கதை முடிந்தது என்றபோது திரும்பி வந்து ஒரு வெண்கலம் வாங்கினாள், மேடையில் சிரிக்காமல் நின்றாள். பிறகு விலகிவிட்டாள். அன்றைக்கு அனுசுயாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதோடு செல்போனில் பார்ப்பதும் நின்றுபோனது.

சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொள்கிற நித்யஸ்ரீ வந்து, உடையை மாட்டிக் காட்டுகிறாயா என்று கேட்டபோது அனுசுயா உடனே சரி என்றாள். காரணம் ஒன்றே ஒன்றுதான். என்னை ஞாபகம் இருக்கிறதா என்று லின் ஷியாவிடம் கேட்க வேண்டும். இருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், தானும் ஒருகாலத்தில் ஆடினவள் என்பது நிஜமாகிவிடும். இல்லை என்றால் அந்தப் பதினாலு வயதுப் பிள்ளை எங்கேயுமே இருந்ததில்லை.

அதே கம்பெனியில் தைக்கிற பாண்டியம்மாள் ஓவர்லாக் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? காலுல தகடு கிடக்கு. உடம்போட ஒட்டுன துணியைப் போட்டுக்கிட்டு ஊரான் முன்னால நிக்கப் போறியாக்கும்?"

"பொம்பளைங்க மட்டுந்தாம்மா இருப்பாங்க."

"குனியச் சொன்னா குனி. குதிக்கச் சொன்னா முடியாதுன்னு சொல்லிரு. இன்னொரு தடவை உன்னைத் தூக்கிக்கிட்டு ஓட என்னால ஆகாது, பாத்துக்க."

"குதிக்க மாட்டேன்," என்றாள் அனுசுயா.

உடையைக் கொண்டுவந்து கொடுத்த அங்கமுத்து மாஸ்டர் அறைக்குள் நிற்கவே கூச்சப்பட்டார். "இந்த வாட்டி துணியத் திருப்பிப் போட்டு வெட்டிருக்கறன் கண்ணு. இழுத்துப் புடிச்சா கூசாமச் சொல்லிப்போடு. நான் வெளியில நிக்கறனுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

காலோடு ஒட்டின கால்சட்டைக்கு மேலே உடையை மாட்டிக்கொண்டாள். உடம்பு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் முகம் வந்தது. லின் ஷியாதான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள், கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் அவள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல, நித்யஸ்ரீ அதைத் தமிழில் சொன்னாள்.

கையைத் தூக்கு, தூக்கினாள். குனிந்து தரையைத் தொடு, தொட்டாள். பின்னால் வளை, வளைந்தாள். துணி கூடவே வந்தது. லின் ஷியா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. தோளைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், தொடையைப் பார்த்தாள்.

"அக்கா, கேளுங்க" என்றாள் அனுசுயா.

நித்யஸ்ரீ கேட்டாள். தாய்லாந்து, ஜூனியர் போட்டி, பீமில் விழுந்த இந்தியப் பெண், மணிக்கட்டுப் பட்டை, எல்லாவற்றையும் பாவம் அழகாகத்தான் சொன்னாள். லின் ஷியா கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அனுசுயாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டி, கொஞ்ச நேரம் பேசினாள்.

"ஞாபகம் இல்லைங்கறாங்க அனு" என்றாள் நித்யஸ்ரீ. குரல் இறங்கியிருந்தது. "உன்னை மட்டும் இல்ல. எந்தப் போட்டியுமே ஞாபகம் இல்லையாம். தினமும் எடை பாக்கற மிஷின் ஞாபகம் இருக்காம், தோள்ல ஊசி போட்டது இருக்காம். பீம் மேல ஏறுனதுக்கு அப்பறம் ஒண்ணுமே இல்லையாம், வேற யாரோ ஆடுன மாதிரி இருக்காம். வீடியோ பாத்தாக்கூட அது நான்னு தோணலைங்கறாங்க." டிவியைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்கு யாரு ஜெயிச்சதுன்னு கேக்கறாங்க."

அனுசுயாவுக்குச் சுருக்கென்றது. வருத்தம் என்றால் பரவாயில்லை, வந்தது ஆத்திரம். அடிப்பாவி, ஜெயித்தவளே, நீ ஆடினதை நான்தானே இத்தனை வருசம் தூக்கிச் சுமந்தேன்! ஒரு அடி பிசகாமல் எனக்கு மனப்பாடம். நீ என்னடாவென்றால் யாரு ஜெயிச்சது என்று கேட்கிறாய். எனக்குச் சாட்சி கேட்கலாம் என்று வந்தால், உனக்கே நான்தான் சாட்சியா?

"நீங்கதான் ஜெயிச்சீங்கன்னு சொல்லுங்கக்கா. எப்படின்னு காட்டறேன், பாக்கச் சொல்லுங்க."

"அனு, வேண்டாம். கால் இருக்கே..."

சாம்பிள் ரூமின் தரையில் இரண்டு வரிசை டைல்ஸ் சேருகிற கோடு சுவர் வரைக்கும் நேராகப் போனது. அனுசுயா அதன் ஒரு முனையில் நின்று, நடுவர்களுக்குக் காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் உயர்த்தினாள். பிறகு நடந்தாள். அவள் ஆட்டம் இல்லை, லின் ஷியாவின் ஆட்டம். மூன்று எட்டு, ஒற்றைக் காலில் முழுச் சுற்று. நடுவில் ஒரு சின்ன தடுமாற்றம் உண்டு, லின் ஷியா அன்றைக்கு இடது கையை விசிறிச் சமாளித்தாள். அதையும் விடாமல் செய்தாள். கால் பிரித்த தாவல் பாதி உயரம்தான் வந்தது. புரளவேண்டிய இடத்தில் புரளாமல் கையால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள். முனைக்கு வந்து ஒரு கணம் நின்றாள். அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை ஞாபகம் வந்தது. குதித்தாள்.

இறங்கின கால் தகட்டுக்கால். வலி கணுக்காலிலிருந்து கிளம்பி இடுப்பு வரைக்கும் ஏறியது. அவள் அசையவில்லை. ஒரு கையால் முகத்தைத் தடவி மேலே கொண்டுபோய் நிறுத்தினாள், அன்றைக்கு வார்ம்-அப் ஹாலில் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

டிவியில் படம் அசையவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நித்யஸ்ரீ ரிமோட்டை எடுத்தாள். கட்டாகவில்லை. லின் ஷியாவின் வலது கை மேஜைக்கு மேலே எழுந்து, அவள் முகத்தைத் தடவிக்கொண்டு பாதி வழியில் நின்றிருந்தது. அந்தக் கையை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்துப் பெண்ணிடம் என்னவோ சொன்னாள். அந்தப் பெண் அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இன்னொரு தடவை செய்வியான்னு கேக்கறாங்க" என்றாள் நித்யஸ்ரீ.

கதவுக்கு வெளியிலிருந்து அங்கமுத்து மாஸ்டர் பதறினார். "ஏனுங்க, மறுக்காவும் இழுத்துப் புடிக்குதுங்களா?"

"இல்லீங்க மாஸ்டர், துணி நல்லாத்தான் இருக்குது" என்றாள் அனுசுயா. கால் தாங்க முடியாமல் வலித்தது. கன்னத்தில் தண்ணீர் ஓடுவதைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். புறங்கையால் துடைத்துக்கொண்டு, நொண்டியபடியே டைல்ஸ் கோட்டின் முதல் முனைக்கு நடந்தாள்.