ஓரக் குழாய்

...இந்த மேடு வந்தால் மட்டும் வண்டி முக்கும், கியரை ஒன்று இறக்கினால் போதும், இறக்கினால் டீசல் போகுமே, மேல் கியரில் போட்டு ஆக்சிலேட்டரைக் குறைத்துத் தாஜா பண்ணி ஓட்டுகிறவனுக்குத்தான் டிராக்டர் கட்டுப்படும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவர் அவர், சும்மாவா 'சொட்டு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பின்னால் தட்டல் இல்லை. விதைக்கும் கருவியின் பலகையில் மனைவி நின்று வருவாள், ஏதாவது குழாய் அடைத்து விதை விழாமல் போனால் விதைப்பெட்டித் தகரத்தில் குச்சியால் இரண்டு தட்டு, நிறுத்து என்று அர்த்தம், அவர் பல தடவை காதில் விழாத மாதிரியே போய்க்கொண்டிருப்பார், பாதிச் சாலில் நிறுத்திக் கிளப்பினால் டீசல் என்ன ஆவது... போன விதைப்பில், பக்கத்து வயல்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "சும்மா சும்மா தட்டி என் டீசலைக் குடிக்காத" என்று கத்தினாரே, ஏன் கத்தினார்? அதற்குப் பிறகு அவள் தட்டவே இல்லை, இந்த விதைப்பு வந்ததும் நீங்களே விதைச்சுக்கோங்க என்று பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போனால் போகட்டும் என்று இருந்துவிட்டார். வறட்டு ஜம்பம்.

வரப்போரம் திரும்பியதும் வண்டி நகரும் முன்பே கருவியை இறக்கினார், சுற்றி வளைக்கிற டீசல் மிச்சம், அப்படி நின்ற இடத்தில் இறக்கினால் குழாய் முனை ஈரமண்ணில் குத்தி அடைத்துக்கொள்ளும் என்று எத்தனை முறை சொன்னாள்... கொஞ்ச தூரம் போனதும் கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தார். ஓரக் குழாயில் விதை இல்லை. எங்கிருந்து இல்லை? என்றைக்கும் இல்லாத அதிசயமாகப் பாதிச் சாலில் இன்ஜினை அணைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"குழாய் அடைச்சிடுச்சு."

"வலது ஓரமா?" என்றாள் மனைவி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அது எப்பவும் அடைக்கிறதுதானே. கம்பிய விட்டுக் குத்துங்க. பேத்தி அழறா, வச்சிடறேன்."

எப்பவுமா? போன தடவை அவள் தட்டாமலே வந்த அந்த நாள் முழுக்கவுமா? ஆனால் முளைத்தபோது ஒரு சால்கூட வெறுமையாக இல்லையே, இத்தனூண்டு டீசலில் இப்படி ஒரு முளைப்பு என்று வரப்பில் நின்று எல்லாரிடமும் காட்டினாரே... அந்த வாரம் அவள் நகக்கண்ணெல்லாம் மண், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், கிழவியாகிவிட்டாய் என்று கிண்டல்கூடப் பண்ணினார், பாவி. கம்பியை அவர் தேடவில்லை. துண்டில் விதையை அள்ளிக்கொண்டு, வெறுமையாய்க் கிடந்த சாலின் தொடக்கத்துக்கு நடந்து போய்க் குனிந்தார், ஒன்று போட்டார், அடுத்த விதை எவ்வளவு தள்ளி... அதையும் அவளிடம்தான் கேட்க வேண்டும்.